நாலாம் கதிரை

புதுத் தீயணைப்பு வாகனம் வந்திருக்கிறது, கையளிப்பு விழாவில் நீங்களும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று நகரசபையிலிருந்து ஓர் இளம் உத்தியோகத்தர் வீடு தேடி வந்தார். மரியாதையான பிள்ளை. தேநீரைக் குடித்தபடி கைப்பேசியில் படம் காட்டினார். நெஞ்சளவு உயரத்தில் டயர், கண் கூசும் சிவப்பு, முதுகில் ஒரு குளத்தையே தூக்கிக்கொண்டு வருவது போல் தொட்டி. நான் கேட்டது ஒன்றுதான், இருக்கைக் கணக்கு.

“எத்தினை கதிரை?”

எத்தனை லீற்றர் என்று கேட்பேன் என நினைத்திருந்தார் போலும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, முன்னுக்கு மூன்று என்றார். பின்னுக்கு? பின்னுக்குத் தொட்டிதான். படையில் ஆறு பேர், அப்படியானால் மற்ற மூன்று பேரும் எப்படி வருவார்கள் என்று கேட்டேன். அதற்கும் ஏற்பாடு நடந்திருந்தது. தொட்டிக்குப் பின்னால் ஒரு படி வைத்து, பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியும் ஒட்டியிருக்கிறார்களாம். மூன்று பேர் தாராளமாக நிற்கலாமாம். ஆறு கதிரை உள்ள பழைய வாகனம் ஏலத்துக்குப் போகிறதாம்.

கட்டாயம் வருகிறேன் என்றேன். அவர் சந்தோசமாகப் போனார். மனைவி உள்ளேயிருந்து வந்து, “பேசவோ போறியள், சண்டை பிடிக்கவோ?” என்றாள். முப்பது வருசத்துக்கு மேல் என்னோடு குடும்பம் நடத்தியவள். அவளுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

தீயணைப்பு வாகனம் என்றால் சனம் தண்ணீரைத்தான் பார்க்கிறது. நான் ஓய்வு பெறும்வரை அதன் சாரதியாக இருந்தவன். நான் பார்த்தது ஆட்களை. தண்ணீர் தானாக நடந்து நெருப்புக்குள் போகாது. அதைக் கொண்டு போக ஆள் வேண்டும். அந்த ஆள் வந்து சேரக் கதிரை வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே ‘கதிரைப் பீற்றர்’ என்று பட்டமும் வாங்கினேன். பட்டம் எனக்குப் பிடிக்கும்.

பெரிய வாகனத்தில் நிறையப் பேர் வரலாம் என்று நினைப்பதும் பிழை. விமான நிலையங்களில் நிற்கும் மலை போன்ற வாகனத்தில் மூன்று நாலு பேருக்கு மேல் இருக்க முடியாது. அதன் வேலை ஓடிப்போய் நுரையைக் கொட்டுவது, அதற்கு அது போதும். மாடிக் கட்டடங்களுக்கு ஏணி நீட்டும் வாகனத்திலும் முன்னுக்கு இரண்டு மூன்று பேர்தான். தண்ணீர் பவுசரும் அப்படித்தான். அதன் பிறப்பே தண்ணீர் சுமப்பதற்கு. இரட்டைக் கதவு வைத்த சின்னப் பிக்கப்பில் கூட ஐந்து பேர் இருந்து போகலாம். எங்கள் பழைய வாகனத்தில் முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒரு வரிசையில் நாலு, ஆக ஆறு கதிரை. பார்க்க அது பழைய தனியார் பஸ் மாதிரித்தான் இருக்கும். ஆனால் வீட்டுக்குள் ஆள் மாட்டியிருந்தால் போக வேண்டியது அதுதான். பவுசர் அதற்குப் பின்னால் தண்ணீர் கொண்டு வரலாம், நல்ல வேலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் வண்டியைக் காட்டி இதுதான் இனி உங்கள் தீயணைப்புப் படை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது என்னிடம் இருந்த ஒரே சொத்து சாரதி அனுமதிப்பத்திரம். சபையின் குடிதண்ணீர்ப் பவுசரை ஓட்டினேன். சண்டை முடிந்து தீயணைப்பு நிலையம் தொடங்கியபோது, பவுசர் ஓட்டியவன் இதையும் ஓட்டுவான் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். கொழும்பில் சில மாதம் பயிற்சி. சிங்களத்தில் திட்டு வாங்கி, தமிழில் முணுமுணுத்து, ஒருமாதிரித் தேறி வந்தோம்.

நிலையப் பொறுப்பாளராக வந்தவர் ஹமீது நானா. மறிச்சுக்கட்டிக்காரர். முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது சனத்தோடு சனமாகப் புத்தளத்துக்குப் போய், தெற்கில் ஒரு நகரத்தின் தீயணைப்புப் பிரிவில் காலம் கழித்துத் திரும்பியவர். நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். அண்ணன் முறை சொல்லி ‘நானா’ என்றால்தான் பார்ப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் சேர்ட்டுக் கையை மடித்து மடித்து முழங்கைக்கு மேலே கொண்டு போவார். கை எவ்வளவு மேலே போயிருக்கிறதோ, நாங்கள் அவ்வளவு தூரத்தில் நிற்போம்.

நிலையம் வந்துவிட்டது, வாகனம் வரவில்லை. நானா பொதுமண்டபத்திலிருந்து ஆறு பிளாஸ்டிக் கதிரை எடுப்பித்து, முற்றத்து மணலில் இரண்டும் நாலுமாகப் போட்டார். அதுதான் வாகனம். ஒவ்வொரு கதிரைக்கும் ஓர் இலக்கம், ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு வேலை. ஒன்று சாரதி, அவனே பம்பும் பார்ப்பான். இரண்டு பொறுப்பாளர். மூன்றும் நாலும் சோடியாகக் குழாயோடு உள்ளே போகிறவர்கள். ஐந்தும் ஆறும் தண்ணீர் இணைப்பு, ஏணி, வெளியில் நின்று உள்ளே போனவர்களைக் கவனிப்பது. உள்ளே இரண்டு பேர் போனால் அவர்களை மீட்க வெளியில் இரண்டு பேர் தயாராக நிற்க வேண்டும். தனியாக ஒருவன் ஒருபோதும் உள்ளே போகக்கூடாது. அன்றன்று எந்தக் கதிரையில் இருக்கிறாயோ அன்றைக்கு அந்த வேலை உன்னுடையது. வாகனம் நின்றதும் யாரும் யாரையும் பார்த்து ‘நான் என்ன செய்ய’ என்று கேட்கக்கூடாது, கதிரை ஏற்கனவே சொல்லிவிட்டது.

வெய்யிலில் பிளாஸ்டிக் கதிரையில் தலைக்கவசத்தோடு ஆறு ஆண்கள் குந்தியிருந்து, நானா கையைத் தட்டியதும் குதித்து ஓடுவதைப் பார்க்க எதிர்த் தேநீர்க்கடையில் சனம் கூடும். பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி போல அதற்கு ‘சங்கீதக் கதிரை’ என்று பெயரும் வைத்தார்கள். ஒருத்தன் வாயாலேயே பாட்டு வாசிப்பான். நானா ஒருநாள் அவனிடம் போய், பாட்டைக் கொஞ்சம் வேகமாக வாசிக்கச் சொன்னார். எங்களுக்கு ஓட வசதியாக இருக்குமாம். அதோடு அவன் விட்டுவிட்டான்.

வாகனம் வந்த பிறகும் அந்த ஒழுங்கு மாறவில்லை. நான் பிரேக்கை விடுவிக்க முதல் இரண்டாம் கதிரையிலிருந்து நானா இலக்கம் கூப்பிடுவார். “ஒண்டு?” “இருக்கு.” “மூண்டு?” “இருக்கு.” இருக்கிறேன் என்றல்ல, இருக்கு. ஆள் அல்ல, கதிரை பேச வேண்டும் என்பார். ஆறும் பேசி, ஆறு ஆசனப் பட்டியும் பூட்டின பிறகுதான் வாகனம் அசையும். பின்படியில் நிற்பது அறவே கிடையாது. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருமுறை கேட்டேன். தெற்கில் அவர் இளந்தாரியாக வாகனத்தோடு போன காலத்தில் பின்படியில் நின்று போவதுதான் வழக்கமாம். “வளைவில திரும்பினம். இடத்துக்குப் போய் இறங்கிப் பார்த்தா பின்னுக்கு ஆளில்லை” என்றார்.

எங்கள் ஊரில் ஒரு வாகனத்தில் வெறுங்கதிரையைக் காண எவருக்கும் பொறுக்காது. மடுத் திருவிழாவுக்குக் காவல் நிற்கப் போனால், சந்தி மட்டும் இறக்கி விடுங்கோ என்று பிள்ளையும் பையுமாக வந்து கதவைத் திறப்பார்கள். பெரியமடுவில் வைக்கோல் எரிந்ததை அணைத்துவிட்டுத் திரும்பும்போது ஒரு ஆட்டைக் கூட ஏற்றப் பார்த்தார்கள். இதற்கெல்லாம் சிரித்துச் சமாளித்துவிடலாம். சிரித்துச் சமாளிக்க முடியாத ஒருநாள் வந்தது.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் காலம், மதியம் திரும்பிய நேரம். அதிபர் நிலையத்துக்கு வந்திருந்தார். ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர், அப்போது சபை உறுப்பினரும் கூட. பெயர் சொல்லத் தேவையில்லை. அதிபர் என்றால் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். பிள்ளைகளுக்குத் தீ விபத்துப் பயிற்சி ஒன்று நடத்தித் தர முடியுமா என்று கேட்க வந்தவர். நானாவுக்கும் அவருக்கும் பழைய உறவு. மறிச்சுக்கட்டிச் சனம் திரும்பி வந்து கூரையில்லாமல் நின்ற நாட்களில், பாடசாலை வகுப்பறைகளைத் திறந்து அவர்களைத் தங்க வைத்தவர் அதிபர். நானாவின் தாய் அந்த வகுப்பறைகளில் ஒன்றில்தான் கண் மூடினார்.

அந்த நேரம் அழைப்பு வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், கரையோரத்தில் உடைந்த பைபர் படகுகளை ஒட்டித் திருத்துகிற கொட்டிலில் நெருப்பு. உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். அது அதிபரின் சொந்த ஊர். கொட்டில்காரர் அவரிடம் படித்தவர்.

நாங்கள் ஓடிப்போய் ஏறினோம். நான் இஞ்சினை முடுக்கினேன். நானா என் பக்கத்தில் ஏறி இலக்கம் கூப்பிட்டார். மூன்று பேசியது. “நாலு?” என்றார். “இருக்கு” என்று பதில் வந்தது, ஆனால் குரல் வாகனத்துக்கு வெளியிலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தேன். நாலாம் கதிரையில் அதிபர் இருந்தார். வெள்ளைச் சேர்ட்டு, சட்டைப்பையில் பேனா. அன்றைக்கு நாலாம் இலக்கம் டிலக்சன், சேர்ந்து அதிக காலம் ஆகாத பெடியன். அதிபர் ஏறினதும் அவன் எழும்பியிருக்கிறான். எழும்பாமல் என்ன செய்வான்? அவரிடம் படித்தவன். அவர் வந்தால் எழும்ப வேண்டும் என்று அவன் காலுக்கே தெரியும். எழும்பி, இறங்கி, பின்னால் குழாய்ப் பெட்டியின் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவரும் செய்ய மாட்டாத பிழை இது. மரியாதையால் செய்த பிழை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம், நாலாம் கதிரைகளின் முதுகில்தான் மூச்சுச் சிலிண்டர்கள் பொருத்தியிருக்கும். போகும் வழியிலேயே பட்டிக்குள் தோளை நுழைத்து, இறங்கும்போது சிலிண்டர் முதுகோடு வர வேண்டும். அதிபர் சாய்ந்திருந்தது டிலக்சனின் மூச்சில்.

நானா கண்ணாடியில் பார்த்தார். டிலக்சன் பின்படியில் நிற்பது அவருக்குத் தெரிந்தது. சேர்ட்டுக் கையில் விரல் போனது. மடிக்கவில்லை. ஒரு மனிதன் தொண்டைக்குள் சொல்லை வைத்துக்கொண்டு படுகிற பாட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். தன் தாய்க்குக் கூரை கொடுத்தவரை இறங்கு என்று அவர் எப்படிச் சொல்வார்?

எனக்கு அந்தக் கடன் இல்லை. நான் இஞ்சினை நிறுத்தினேன்.

சைரனும் நின்றது. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அங்கே ஒருவர் எரிகிறார், இங்கே நான் இஞ்சின் திறப்பைக் கையில் வைத்திருக்கிறேன்.

“சேர், இறங்குங்கோ.”

“எட பீற்றர், அங்க என்ர ஊர்ச் சனம் எரியுது. நீ கதிரைக் கணக்குப் பாக்கிறியோ?”

“ஓம் சேர். அதுக்காகத்தான் பாக்கிறன். நீங்கள் இறங்கினா அவன் உள்ள போவான். நீங்கள் இருந்தா உங்களையும் ஏத்திக்கொண்டு நாங்கள் வேடிக்கை பாக்கத்தான் போறம்.”

அவர் நானாவின் பிடரியைப் பார்த்தார். நானா திரும்பவில்லை. அதிபரின் முகம் சிவந்தது. பிறகு தானாகவே கதவைத் திறந்து இறங்கினார். யாரும் அவரைத் தொடவில்லை, அதைச் சரியாகச் சொல்ல வேண்டும். டிலக்சன் தலையைக் குனிந்தபடி ஏறினான். “நாலு?” என்று நான்தான் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து “இருக்கு” என்று வந்தது.

கடலைக் குறுக்கறுத்துப் போகும் தாம்போதியில் காற்று வாகனத்தைப் பக்கவாட்டில் தள்ளியது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தும் வாகனம் ஒருமுறை ஆடியது. பின்படியில் ஆள் இருந்திருந்தால் என்று நினைத்தேன். நினைத்ததை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஓட்டினேன்.

படகு ஒட்டுகிற ரெசின் எரிந்தால் புகை கறுப்பாக, கையால் பிடிக்கலாம் போல வரும். அதை ஒரு வாய் இழுத்தால் மனிதன் விழுவான். மூன்றாம், நாலாம் இலக்கக்காரர் சிலிண்டரோடு இறங்கி, முழங்காலில் நகர்ந்து, ஒரு கை குழாயிலும் ஒரு கை மற்றவன் காலிலுமாக உள்ளே போனார்கள். நான் பம்பில் நின்றேன். பம்பில் நிற்பவனுக்கு நெருப்புத் தெரியாது, தண்ணீர் அழுத்தம் காட்டும் முள்ளு ஆடுகிற வட்டம் ஒன்றுதான் தெரியும். அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு செபம் சொன்னேன். கவிழ்த்து வைத்த படகுக்குக் கீழே, மணலில் மூக்கைப் புதைத்துக்கொண்டு கிடந்த மனிதனை டிலக்சனின் கை கண்டுபிடித்தது. அவரை அவன் தோளிலும் மற்றவன் இடுப்பிலுமாகப் பிடித்து இழுத்து வந்தார்கள். ஒருவனால் முடியாது. மூன்று கதிரை வாகனத்தில் போயிருந்தால் நான் பம்பில், நானா கட்டளையில், மிஞ்சிய ஒருவன் கொட்டில் வாசலில் குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே கேட்ட இருமலைக் கேட்டுக்கொண்டு நின்றிருப்பான். அதுவும் எத்தனை நேரத்துக்குக் கேட்டிருக்கும்?

அந்த மனிதர் பிழைத்தார். கையில் தோல் சுருங்கியது, ஆனால் இன்றைக்கும் படகு ஒட்டுகிறார். திருவிழாக் காலத்தில் டிலக்சன் வீட்டுக்கு விளைமீன் போகும். எனக்கு வராது. நான் இஞ்சினை நிறுத்தினது அவருக்குத் தெரியாது.

சபைக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது. பெரியவரை அவமதித்தது, அவசர நேரத்தில் வாகனத்தைத் தாமதித்தது என்று அதிபர் முறையிட்டிருந்தார். விசாரணை வைத்தார்கள். மன்னிப்புக் கேட்டால் இதோடு விட்டுவிடலாம் என்று ஆதரவாகத்தான் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டேன். தாமதித்ததற்கு என்றார்கள். தாமதித்தது நானில்லை, கதிரையில் ஏறினவர் என்றேன். என் வாய்க்கு எப்போதும் இந்தப் பழக்கம்தான்.

நானாவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கட்டளையை மீறினேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லோருக்கும் லேசாகப் போய்விடும். அவர் எழுந்து நின்று சேர்ட்டுக் கையை முழங்கைக்கு மேலே மடித்தார்.

“நிப்பாட்டுறது என்ர வேலை. நான் செய்யாதபடியா அவன் செய்தவன். தண்டிக்கிறதெண்டா ரெண்டாம் கதிரையைத் தண்டியுங்கோ.”

இரண்டாம் கதிரையைத் தண்டிக்க அவர்களுக்குத் துணிவில்லை. ஒன்றாம் கதிரையைக் குப்பை அள்ளும் உழவு இயந்திரத்துக்கு மாற்றினார்கள். அதையும் ஒழுங்காக ஓட்டினேன். உழவு இயந்திரத்தில் ஒரே ஒரு கதிரைதான், வேறு எவரும் வந்து ஏற முடியாது, பெரிய நிம்மதி என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். ஆனால் சைரன் கேட்கும்போதெல்லாம் குப்பைப் பெட்டியோடு வீதியோரத்தில் ஒதுங்கி நின்று, கடந்து போகிற வாகனத்தின் யன்னலில் தலைகளை எண்ணுவேன். ஆறும் இருக்கும். நானா கடைசிவரை மாறவில்லை. போட்ட சாரதிகள் நிலைக்காமல், பிறகு என்னையே திருப்பிக் கூப்பிட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதிபர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். நானா ஓய்வு பெற்றுப் போய், கொஞ்சக் காலத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் மையித்து அடக்கத்துக்குப் போன ஊர்வலத்தில் நடந்தபோது, அதிபர் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

இனி விழாவுக்கு வருகிறேன். பாதர், மௌலவி, ஐயர் மூவரும் ஆசீர்வதித்தார்கள். புது வாகனத்துக்கு மாலை போட்டிருந்தார்கள், பின்படிக் கம்பிக்கும் ஒரு மாலை. என்னை முன்வரிசையில் இருத்தினார்கள். பக்கத்துக் கதிரையில் அதிபர், கைத்தடியோடு. இருவரும் வாகனத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் பேசினேன். பழைய வாகனத்தை விற்காதீர்கள், அது ஆட்களைக் கொண்டு போகட்டும், இது தண்ணீரைக் கொண்டு போகட்டும், தாம்போதியில் சோளகம் அடிக்கும்போது கம்பியில் தொங்க யாருடைய பிள்ளையையும் அனுப்பாதீர்கள் என்றேன். கைதட்டினார்கள். அடுத்ததாகத் தேநீர் விருந்து, அதற்கு முன் புது வாகனம் படையோடு நகரத்தைச் சுற்றி ஓர் ஓட்டம் ஓடும் என்று அறிவித்தார்கள். நான் பேசியது காற்றோடு போய்விட்டது.

டிலக்சன்தான் இப்போது நிலையப் பொறுப்பாளர். மீசை வைத்து, கொஞ்சம் நரைத்தும் இருக்கிறான். விழாவுக்கு முன் அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவனுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலை இருக்கிறது, மேலே ஆட்கள் இருக்கிறார்கள். இன்னொருவனின் சோற்றில் நின்று நான் வீரம் காட்டக்கூடாது. அவன் வாகனத்தைச் சுற்றி வந்தான். மூன்று பேர் முன்னால் ஏறினார்கள், மூன்று பேர் பின்படியில் ஏறினார்கள். இஞ்சின் முடுக்கப்பட்டது. புகைப்படக்காரர்கள் பாதையில் போய் நின்றார்கள்.

திறந்த யன்னலுக்குள்ளிருந்து டிலக்சன் இலக்கம் கூப்பிடும் குரல் கேட்டது. ஒன்று பேசியது. மூன்று பேசியது.

“நாலு?”

“இருக்கு” என்று பின்படியிலிருந்து ஒரு பெடியன் கத்தினான்.

டிலக்சன் கண்ணாடியில் பார்ப்பதை நான் கண்டேன். நேரம் போனது. நானாவின் முகம் அன்றைக்கு எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது அவன் முகமும்.

“நிப்பாட்டு” என்றான்.

இஞ்சின் நின்றது. அவன் இறங்கினான். சாரதி இறங்கினான். பின்படியில் நின்ற மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ஆறு பேரும் வாகனத்துக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். யாரோ ஒலிபெருக்கியில் என்ன பிரச்சினை என்று கேட்டார். இருக்க இடம் போதாது என்று டிலக்சன் மரியாதையாகச் சொன்னான். ஓடுங்கள், பிறகு கதைக்கலாம் என்றார்கள். அவன் அசையவில்லை. இதை எழுதும்போது பழைய வாகனம் இன்னும் நிலையத்தில்தான் நிற்கிறது, புதியது அதன் பின்னால் தண்ணீர் கொண்டு போகிறது. ஏலத்தைப் பற்றி மேலிடத்தில் இன்னும் கதை நடக்கிறது. ஆறு பேரில் ஒருவனையாவது குப்பை உழவு இயந்திரத்துக்கு அனுப்பிப் பார்க்கட்டும், என் பேனா இன்னும் காயவில்லை.

அன்றைக்கு, இஞ்சின் நின்ற அந்த அமைதியில், அத்தனை வருசத்துக்குப் பிறகு அதிபர் என் பக்கம் திரும்பினார்.

“பீற்றர், அண்டைக்கு நான் இறங்கியிராட்டி நீ என்ன செய்திருப்பாய்?”

“இழுத்து இறக்கியிருப்பன், சேர்.”

அவர் அந்த ஆறு பேரையும் பார்த்தார். பிறகு கைத்தடியை ஊன்றி, சிரமப்பட்டுத் தன் கதிரையிலிருந்து எழும்பி நின்றார். வரிசையில் நின்ற டிலக்சன் அதைக் கண்டான். இந்த முறை அவன் தலையைக் குனியவில்லை.